ஸ்ட்ராங்கிள்ஸ்: தமிழில் 'குதிரை நெறிக்கட்டு'

ஸ்ட்ராங்கிள்ஸ் குதிரைக்கும் கழுதைக்கும் வரும் தொற்றுநோய். ஸ்ரெப்டோகொக்கஸ் ஈகுவை என்ற பற்றீரியாவால் உண்டாகிறது. முதலில் காய்ச்சல், பிறகு மூக்கில் சீழ், தாடைக்கடியிலும் தொண்டைக்குப் பின்னாலும் நிணநீர்க்கணுக்கள் வீங்கிப் பழுக்கும். வீக்கம் மூச்சுவழியை அமுக்கினால் குதிரை திணறும். பெயர் அதனால் வந்தது. கழுத்தை நெரிப்பதற்கான அந்த ஆங்கிலச் சொல் இலத்தீன் வழியே கிரேக்கத்துக்குப் போகிறது. அங்கே அதன் மூலம் கழுத்துக் கயிற்றைக் குறிக்கும்.

தமிழில் 'தொண்டை அடைப்பான்' என்று எழுதக் கை போகும். கூடாது. அது மாடு, எருமைக்கு வரும் வேறொரு நோய். கிருமியும் தடுப்பூசியும் வேறு. 'நெரிப்பு நோய்' என்றாலும் பொருந்தாது, எல்லாக் குதிரையும் திணறுவதில்லை. காலில் புண் வந்தால் அரையில் 'நெறி கட்டியிருக்கு' என்கிறோமே, அதே நிணநீர்க்கணு வீக்கம்தான் இதன் அடையாளம். ஆகவே 'குதிரை நெறிக்கட்டு' என்பதே சரி. வல்லின 'றி' கவனம்.

இந்த நோயை உறுதிசெய்யும் 'மூலக்கூற்று நோயறிதல்' என்பது கிருமியை வளர்க்காமல் அதன் டி.என்.ஏ.யைத் தேடுவது. கொரோனா காலத்தில் தோட்டமெல்லாம் அறிந்த பி.சி.ஆர். முறைதான். குதிரையின் தொண்டையில் சாதாரணமாகவே குடியிருக்கும் ஸூஎபிடெமிக்கஸ் என்ற பற்றீரியா இந்தக் கிருமிக்கு மிக நெருங்கிய உறவு. ஆகவே ஈகுவைக்கே உரிய மரபணுவைத் தேட வேண்டும். பலரும் நம்புவது எஸ்.ஈ.எம். மரபணுவை.

தவறு பெரும்பாலும் மாதிரி எடுப்பதில்தான் நேரும். காய்ச்சல் கண்ட அன்றே மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டால் 'இல்லை' என்று வரலாம்: கிருமி சில மணி நேரத்திலேயே சளிச்சவ்வைக் கடந்து கணுவுக்குள் போய்விடும், மூக்கு வழியாக வெளிவர இரண்டு மூன்று நாளாகும். குச்சியை விட, மெல்லிய குழாயால் சுமார் 50 மி.லீ. இளஞ்சூடான உப்புநீரை மூக்கினுள் விட்டு, வழிவதைச் சேர்ப்பது நல்லது. பழுத்த கட்டியின் சீழ் அதைவிட உறுதி. மரக்காம்புக் குச்சி வேண்டாம், அது பி.சி.ஆர். வினையைத் தடுக்கும். நுவரெலியாவிலிருந்து கீழே அனுப்பும் மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள்.

'உண்டு' என்று வந்தாலும் கிருமி உயிரோடுதான் இருக்கிறது என்றாகாது. செத்த கிருமியின் டி.என்.ஏ.யும் அகப்படும். குணமான குதிரைகளில் பத்தில் ஒன்றுவரை தொண்டைப்பையில் (தொண்டைக்கு மேலே இருபுறமும் குதிரைக்குள்ள காற்றுப்பை) கிருமியை மறைத்து வைத்திருக்கும். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்கு வரும் குதிரைகளில் அப்படியொன்று இருந்தால், கிரகரி வாவியோரத்து மட்டக்குதிரைகளுக்கும் ஒரே தண்ணீர் வாளி வழியே பரவலாம். குணமான குதிரையில் கிருமி மறைந்திருக்கிறதா என்று அறிய வாரம் ஒன்றாக மூன்று மூக்குக் கழுவல், அல்லது உள்நோக்குக் கருவியால் இரு தொண்டைப்பைகளையும் பார்த்து எடுத்த கழுவல். முடிவு வரும்வரை தனி லாயம், தனி வாளி.