விலையில் சேராத செலவு

ஆம்பூரில் தைக்கிற ஒரு ஜோடி ஷூவின் விலையில் தோல் வாங்கிய காசு, ரசாயனம், மின்சாரம், கூலி, லாரி வாடகை, லாபம் எல்லாம் அடக்கம். பாலாற்றங்கரையில் ஒருவருடைய கிணறு உப்புக் கரித்துப்போன நஷ்டம் மட்டும் அதில் இல்லை. அதைக் காய்ந்த தென்னையாகவும், விலைக்கு வாங்கும் குடிநீர் கேனாகவும் அந்த விவசாயியே கட்டிக்கொண்டிருக்கிறார்.

வாங்குபவரும் விற்பவரும் பேசி முடித்த வியாபாரத்தின் செலவு, அந்தப் பேச்சிலேயே இல்லாத மூன்றாவது ஆளின் தலையில் விழுவதைப் பொருளாதாரத்தில் புறவிளைவு என்கிறார்கள். பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகூ 1920இல் இதை விரிவாக எழுதினார். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது ஏட்டுக் கருத்து இல்லை, வீட்டுத் தண்ணீரின் ருசி.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது? உரித்த தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவித்தான் அனுப்புவார்கள். தோல் பதனிடும் ஆலையான டேனரிக்கு வந்ததும் முதல் வேலை, தோலை ஊறப்போட்டு அந்த உப்பைக் கழுவி எடுப்பது. அப்புறம் சுண்ணாம்பில் போட்டு முடி நீக்குவார்கள், பிறகு பதனிடுவார்கள். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் பதனிட்டார்கள். 1970களில் முழுதாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய அரசு ஊக்கம் கொடுத்ததும், வேலை சீக்கிரம் முடிகிற குரோமிய ரசாயனம் பரவியது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாக உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. பாலாறு பெரும்பாலான நாட்களில் மணலாகத்தான் கிடக்கும், தண்ணீர் அடியில் ஓடும். கழிவு மணலுக்குள் இறங்கினால் அது போய்ச் சேருமிடம் கிணறு. டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ கெட்டுப்போனதாக அதே தீர்ப்பு சொல்கிறது.

முதலாளிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று முடித்துவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் எதுவும் விளங்காது. ஒரு டேனரிக்காரர் மனசாட்சியோடு கழிவைச் சுத்திகரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தோலின் விலை ஏறும். வாங்க வந்தவர் பக்கத்து டேனரிக்குப் போய்விடுவார். சந்தை முதலில் தண்டிப்பது அந்த நல்லவரைத்தான். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவான சட்டம் இல்லாமல் இது தீராது.

பாதிக்கப்பட்டவர்களும் டேனரிக்காரர்களும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள முடியாதா? இன்னொரு பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1960இல் இதைத்தான் ஆராய்ந்தார். யாருக்கு என்ன உரிமை என்பது தெளிவாக இருந்து, பேரம் பேச ஆகும் செலவும் இல்லையென்றால் பேசித் தீர்க்கலாம். பாலாற்றில் அந்தச் செலவுதான் மலை. ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான டேனரிகள், மறுபக்கம் ஆயிரக்கணக்கான விவசாயிகள். எந்தக் கிணற்றில் எந்த டேனரியின் உப்பு என்று யார் பிரிப்பது? போதாததற்கு, கிணறு கெட்ட வீட்டுப் பெண்ணே ஷூ கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். ஒருவர் வழக்குப் போட்டு ஜெயித்தால் பலன் ஊருக்கே கிடைக்கும், அலைச்சல் மட்டும் அவருக்கு. அதனால் ஆளாளுக்கு இன்னொருவரை எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.

அந்தக் காத்திருப்பை உடைத்தது வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991இல் போட்ட பொதுநல வழக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்று அதில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. ஆனால் ஒரே தொகையாக வாங்கும் அபராதத்தைக் கட்டியவருக்கு, மறுநாள் ஆற்றில் விடும் ஒவ்வொரு லிட்டரும் மறுபடி இலவசம்தான். புறவிளைவுக்குத் தீர்வாகப் பிகூ சொன்ன வரி அப்படியல்ல, கழிவின் அளவுக்கேற்ப ஏறுவது. அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி என்று நான் நினைப்பது, சேதத்தை அளந்து இழப்பீடு நிர்ணயிக்கத் தனி ஆணையம் அமைக்கச் சொன்னதைத்தான்.

சிறிய டேனரிகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வைத்தன. தனித்தனியாகக் கட்டுவதைவிடச் செலவு குறையும். ஆனால் வழக்கமான சுத்திகரிப்பில் கரைந்த உப்பு போகாது. அதற்கு உப்பை வடிகட்டிப் பிரிக்கும் ஆர்.ஓ.வும், மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் கருவிகளும் வேண்டும். கரண்ட் பில் எகிறும். கடைசியில் மிஞ்சும் உப்பை மூட்டை கட்டி எங்கேயாவது வைக்கவும் வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த ஷூவின் உண்மையான விலை.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு சொன்னது: இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு முதலில் அரசு பணம் கொடுக்க வேண்டும், பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். துரத்தி வசூலிக்கும் செலவை, வக்கீலும் அதிகாரிகளும் வைத்திருக்கிற அரசின் மீது அது ஏற்றியிருக்கிறது. முதல் வழக்குப் போட்டு அதற்குள் 34 ஆண்டுகள் போய்விட்டன. அந்த ஆண்டுகளில் விளையாத பயிருக்கான கணக்கும் விவசாயியின் பற்றில்தான் ஏறியிருக்கிறது.