தேய்த்துப் பார்க்காமல் மருந்து அடிக்காதீர்கள்

மா பூவெடுக்கும் மாதம் வந்தால் போதும், கருத்த இலைப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து விழும். கூடவே ஒரே வரி: "என்ன மருந்து அடிக்கலாம்?" அதற்குள் கடைக்காரர் கொடுத்த கார்பென்டசிம் என்ற பூஞ்சணக்கொல்லி இரண்டு தடவை அடித்து முடிந்திருக்கும். வேப்பனப்பள்ளியிலிருந்து குப்பம், சித்தூர் வரை இதேதான். ஆந்திரப் பக்கம் 'மசி தெகுலு', தமிழ்நாட்டுப் பக்கம் 'கருப்பு விழுந்துடுச்சு'. இலை கருத்தால் பூஞ்சண நோய், பூஞ்சணம் என்றால் கார்பென்டசிம். யார் கிளப்பிவிட்ட கணக்கோ!

முதலில் இலையை விரலால் அழுத்தித் தேயுங்கள். கரி போல விரலில் ஒட்டி, அடியில் பச்சை தெரிந்தால் அது கரும்படலம். இந்தப் பூஞ்சணம் இலைக்குள் நுழைவதே இல்லை. தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டுச் சொட்டும் இனிப்புக் கழிவில்தான் வளர்கிறது. இலை பிசுபிசுவென்று இருக்கும், எறும்பு ஊரும். பூச்சியை விட்டுவிட்டுப் பூஞ்சணக்கொல்லி அடிப்பது, எய்தவன் இருக்க அம்பை நோவதுதான். எத்தனை முறை அடித்தாலும் அடுத்த வாரம் கருப்பு திரும்பி வரும். தத்துப்பூச்சி மருந்தைப் பூ விரியும் முன்பே அடியுங்கள், பட்டை இடுக்குகளும் நனையட்டும். பூ விரிந்து ஈயும் தேனீயும் மொய்க்கிற நேரத்தில் வேண்டவே வேண்டாம். காய் பிடிக்க வைப்பது அந்தக் கூட்டம்தான். படிந்த கரிக்கு 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறியதும் 20 லிட்டராக்கி, நல்ல வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்து செதில் செதிலாக உதிரும். மேகமூட்டமான நாளில் அடித்தால் பலன் இல்லை.

தேய்த்தும் போகாத கருப்பா? நரம்புகளுக்கு நடுவே கோணல்கோணலாக, தடவினால் மேடு தட்டினால் அது பாக்டீரியா. கார்பென்டசிம் அதை ஒன்றும் செய்யாது. ஒழுங்கில்லாத பழுப்புப் புள்ளி, காய்ந்து நடுவில் ஓட்டை, பூங்கொத்துக் காம்பில் கருப்புக் கீறல் என்றால் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சண நோய். கார்பென்டசிமுக்கு வேலை இங்கேதான், லிட்டருக்கு 1 கிராம். அதையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சணம் பழகிவிடும். மேன்கோசெப் என்ற வேறு பூஞ்சணக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் மாற்றி அடியுங்கள்.

பூக்காம்பில் வெள்ளை மாவு படிவது சாம்பல் நோய், தெலுங்கில் பூடித தெகுலு. நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம். உச்சி வெயிலில் அடித்தால் பூ பொசுங்கும். (இதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காட்டச் சொல்லாதீர்கள். உயிருள்ள செடியில் மட்டுமே வளரும்.)

கிளை நுனியிலிருந்து காய்ந்து, இலை உதிராமல் தொங்கினால் குச்சியை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே ஓடும் பழுப்புக் கோடு முடிகிற இடத்துக்கு 3 அங்குலம் கீழே வெட்டுங்கள். வெட்டுவாயிலும் பழுப்பு தெரிந்தால் இன்னும் கீழே இறங்குங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்று போர்டோ பசை கலந்து பூசுங்கள். வெட்டிய குச்சியை மரத்தடியில் போடாமல் எரித்துவிடுங்கள்.

இன்னும் சந்தேகம் என்றால் ஒரு டிபன் டப்பா போதும். அடியில் ஈர டிஷ்யூ, அதன்மேல் இரண்டு ஈர்க்குச்சி, குச்சிமேல் இலை. மூடி 2, 3 நாள் நிழலில் வைத்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். புள்ளிமேல் இளஞ்சிவப்பு ஆரஞ்சில் பிசின் முத்துகள் தெரிந்தால் கொலட்டோட்ரைக்கம், அதாவது ஆந்த்ராக்னோஸ் தரும் பூஞ்சணம். சாம்பல் பஞ்சாகக் கிளம்பிக் கருத்தால் பெரும்பாலும் லாசியோடிப்ளோடியா, கிளையைக் காய வைக்கிற பேர்வழி. பச்சைத் தூளும் குண்டூசித் தலை போன்ற கருப்பும் செத்த இலையில் குடியேறியவை, அவற்றை விட்டுவிடுங்கள்.

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சருகு வேண்டாம், அதில் என்ன வேண்டுமானாலும் வளரும். புள்ளியின் ஓரம் தேவை: பாதி நோய், பாதி பச்சை. செய்தித்தாளில் சுற்றுங்கள். பாலிதீன் கவரில் கட்டி பஸ்ஸில் ஏற்றினால் வந்து இறங்குவது அழுகல்தான். மா ரகம் பெங்களூராவா, செந்தூராவா, என்றைக்குப் பறித்தது என்று எழுதுங்கள். கடைசியாக அடித்த மருந்தும் தேதியும் கட்டாயம் வேண்டும், நேற்று மருந்து பட்ட இலையில் பூஞ்சணம் இருந்தாலும் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் தட்டில் வராமல் போகலாம். ஆகவே மறைக்காதீர்கள். திட்ட மாட்டோம்.