ஜிட்டர் என்றால் நேரப் பிசிறு

கணினித் துறையின் ஜிட்டர் (jitter), லேட்டன்சி (latency) ஆகிய இரண்டு சொற்களையுமே தமிழில் ‘தாமதம்’ என்று எழுதிவிடுகிறோம். அது பெரும்பிழை. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் ஓர் இயந்திரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கன்வேயரில் பாட்டில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சென்சார் அதைக் கண்டு, கணினி விழித்து, மோட்டாருக்கு ஆணை போவதற்குள் 5 மில்லிநொடி கழிகிறது. அதற்குள் பாட்டில் 5 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். எப்போதும் அதே 5 என்றால் சென்சாரை 5 மில்லிமீட்டர் முன்னதாகவே பொருத்திவிட்டால் தீர்ந்தது. ஒருமுறை 3, மறுமுறை 8 என்று மாறினால் சென்சாரை எங்கே வைத்தாலும் லேபிள் தள்ளித்தான் ஒட்டும். கழிகிற நேரம் லேட்டன்சி. அது முறைக்கு முறை மாறுவது ஜிட்டர்.

லேட்டன்சிக்கு மூலம், ‘மறைந்திருத்தல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினை. வெப்பநிலைமானியில் தெரியாமல் பொருளுக்குள் தங்கும் வெப்பத்தை நம் பாடநூல்கள் ‘உள்ளுறை வெப்பம்’ என்கின்றனவே, அங்கும் மூலச்சொல் இதுதான். ஆகவே ‘உள்ளுறைத் தாமதம்’ என்பது அழகாகப் பொருந்துகிறது. வெறும் ‘தாமதம்’ என்றால் குறித்த நேரம் தவறிவிட்டது என்றே படும். இங்கே அப்படி எதுவும் தவறவில்லை.

ஜிட்டர் அமெரிக்கப் பேச்சுவழக்கிலிருந்து வந்தது. 1920களின் இறுதியில் பதற்றத்தையும் உடல் உதறலையும் குறித்த சொல்லைப் பின்னர் மின்னணுவியலார் எடுத்துக்கொண்டார்கள். அதனால் ‘நடுக்கம்’ என்று பெயர்ப்பது இயல்புதான். ஆனால் தொழிற்கூடத்தில் நடுக்கம் என்றால் பேரிங் தேய்ந்து இயந்திரம் ஆடுவதாகத்தான் புரிந்துகொள்வார்கள்.

‘நேரப் பிசிறு’ என்பதே என் தேர்வு. காரணம், மின் சைகைகளைக் கோடுகளாக வரைந்துகாட்டும் ஆசிலாஸ்கோப்பின் திரையிலேயே தெரியும். சென்சாரின் சைகையை ஒரு தடத்திலும் மோட்டாருக்குப் போகும் ஆணையை மறு தடத்திலும் இணைத்து, பழைய கோடுகள் அழியாதபடி அமைத்துச் சற்று நேரம் ஓடவிடுங்கள். சென்சாரின் ஏற்றம் ஒற்றைக் கோடாக நிற்கும். ஆணையின் ஏற்றமோ ஒரு பட்டையாகத் தடித்து, வலப்பக்கம் ஓரிரு கோடுகள் தனியே விலகி, தைக்காத துணியின் ஓரம் போலப் பிசிறிக் கிடக்கும். முதல் கோட்டுக்கும் பட்டைக்கும் இடையிலான தூரம் உள்ளுறைத் தாமதம். விலகிய கோடுகளையும் சேர்த்த அகலம் நேரப் பிசிறு.

லினக்ஸ் இயங்குதளத்தில் இதை அளக்கத் தாமஸ் கிளைக்ஸ்னர் எழுதிய சைக்ளிக்டெஸ்ட் என்னும் சோதனைக் கருவி இருக்கிறது. குறித்த இடைவெளியில் விழிக்க வேண்டிய நிரல், உண்மையில் எவ்வளவு பிந்தி விழித்தது என்று மைக்ரோநொடியில் சொல்லும். குறைந்தது, சராசரி, அதிகபட்சம் என்று எண்கள் வரும். சராசரியைப் பார்த்து மகிழாதீர்கள். நிகழ்நேர இயங்குதளம் தருவது வேகமல்ல, கெடு தவறாமை. அதிகபட்சமே அதற்குச் சான்று. 2024இல் நிகழ்நேர வசதி லினக்ஸின் மூலக்கருவிலேயே (கெர்னல்) சேர்ந்துவிட்டது என்பதற்காக அளக்காமல் விடவும் முடியாது. இயங்குதளத்துக்கே தெரியாமல் மதர்போர்டின் நிலைபொருள் (ஃபர்ம்வேர்) செயலியைப் பறித்துக்கொள்ளும் தருணங்கள் உண்டு. செயலி மின்சேமிப்பு உறக்கத்திலிருந்து எழவும் நேரம் பிடிக்கும்.

அறிக்கையில் இப்படி எழுதலாம்: ‘உள்ளுறைத் தாமதம் குறைந்தது 7, அதிகபட்சம் 85 மைக்ரோநொடி, நேரப் பிசிறு 78 மைக்ரோநொடி.’ எந்தச் சுமையில், எத்தனை மணி நேரம் அளந்தது என்பதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். சும்மா கிடக்கும் கணினியில் எடுத்த எண்ணை யாரும் நம்பக்கூடாது.