ஆர்வி வாங்குமுன் கூரைமேல் ஏறிப் பாருங்கள்

அமெரிக்காவில் ஆர்வி எனப்படும், தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகளை, வாங்குபவர் சார்பில் சோதித்து அறிக்கை தருவது என் தொழில். 70,000 டாலர் வண்டி 40,000 டாலர் வண்டியைவிட உறுதியாகத்தானே இருக்கும் என்று கேட்காதவர் குறைவு. கூடுதல் விலையில் பெரும்பகுதி வண்டியின் நீளத்துக்கும், பக்கவாட்டில் விரியும் ஸ்லைடு-அவுட் அறைகளுக்கும், பளபளக்கும் சமையல் மேடைக்கும் போய்விடுகிறது என்பதே என் அனுபவம். பெரும்பாலான வண்டிகள் இந்தியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்தில்தான் தயாராகின்றன. அச்சும் சட்டகமும் ஜன்னலும் சில நிறுவனங்களிடமிருந்தே எல்லோருக்கும் வருவதால், பெயர்ப்பலகை மாறினாலும் உள்ளுறுப்புகள் பலவும் ஒன்றாகவே இருக்கும்.

வேறொரு வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் வகையான டிரெய்லர் ஒன்றை அண்மையில் பார்த்தேன்; மூன்றே ஆண்டு ஓடியது. உள்ளே தூசு தும்பு இல்லை. ஆனால் படுக்கைக்கு மேல் மூலையில் ஈரமானியை வைத்ததும் அளவு கிடுகிடுவென ஏறியது. நீர் புகாமலிருக்கக் கூரையோரத்தில் பூசியிருந்த சீலன்ட் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. வெளிச்சுவரை உள்ளங்கையால் தடவினால் ஃபைபர்கிளாஸ் தகடு அப்பளம்போல் உப்பியிருந்தது. அதன் பின்னாலிருந்த லுவான் ஒட்டுப்பலகை நீரில் ஊறிப் பசை விட்டிருந்தது. அந்தச் சுவரைச் சீரமைப்பதற்கு வண்டியின் மதிப்பில் பெரும்பகுதி செலவாகும் என்பதால், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

கதவருகே ஒட்டியிருக்கும், ஆர்வி தொழில்துறைச் சங்கமான ஆர்விஐஏவின் முத்திரையைத் தரச்சான்று என்று நம்புவோர் பலர். மின்சாரம், எரிவாயு, குழாய், தீப்பாதுகாப்பு ஆகியவற்றின் விதிகளின்படி வண்டி அமைந்துள்ளது என்பதே அதன் பொருள். கூரைப் பூச்சு ஒழுங்காக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. கூடுதல் பணம் கொடுப்பதானால் மூட்டுகள் குறைந்த கூரைக்கும், மரம் கலவாத சுவர்ப்பலகைக்கும் கொடுங்கள். கதவருகே இருக்கும் மஞ்சள் ஒட்டுவில்லையில் சுமை வரம்பைப் பாருங்கள். 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே அதில் 150 கிலோ தீர்ந்துவிடும்.

பட்டியல் விலையிலிருந்து டீலர் பெருந்தொகையைக் குறைத்துத் தருவது அங்கே வழக்கம்தான். அதைக் கண்டு மயங்கிக் கையெழுத்திட்டுவிட வேண்டாம். குறையுள்ள கார்களைத் திருப்பித்தர வழிசெய்யும் சட்டம் பல மாநிலங்களில் இழுவை டிரெய்லர்களுக்குப் பொருந்தாது. எனவே பணம் கட்டுமுன் தண்ணீரும் மின்சாரமும் இணைத்து எல்லாவற்றையும் ஓடவிட்டுக் காட்டச் சொல்கிறேன். ஹோஸ் பைப் இல்லை என்று கையை விரித்த ஓரிடத்தில், வாங்க வந்தவரை அழைத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டேன்.