சுட்டி மாறிவிட்டது, தாள் மாறவில்லை

பொங்கல் முடிந்த வாரம். மன்னார்குடியைச் சுற்றிச் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து, பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவன் ஒருவன் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு லேப்டாப், ஆறு ஜெராக்ஸ் தாள்கள். நகலின் நகலை மறுபடியும் நகலெடுத்ததில் எழுத்தெல்லாம் மங்கிப்போயிருந்தது. எல்எல்விஎம் என்னும் திறந்தமூல கம்பைலர் கட்டமைப்பில் நாமே ஒரு சிறு பகுதியை எழுதிச் சேர்ப்பது எப்படி என்று அந்தத் தாள்கள் படிப்படியாகச் சொல்லின. மூத்த மாணவர்களிடமிருந்து கைமாறிக் கைமாறி அவனிடம் வந்தவை.

“அக்கா, தாளில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் அடித்திருக்கிறேன். மூன்று நாளாக ஒரே பிழைதான் வருகிறது. என் லேப்டாப்பில்தான் கோளாறு என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு இரண்டு முறை புதிதாக நிறுவிவிட்டேன்.”

திரையைப் பார்த்தேன். ‘கெட் பாயின்டர் எலிமென்ட் டைப்’ என்ற பெயரில் எந்த உறுப்பும் இல்லை என்றது பிழைச் செய்தி. அவன் அடித்ததில் தவறில்லை. லேப்டாப்பிலும் கோளாறில்லை. அந்தத் தாளை எழுதியவரும் எழுதிய நாளில் உண்மையைத்தான் எழுதியிருந்தார். ஆனாலும் ஒரு பிள்ளைக்கு மூன்று நாள் போய்விட்டது. அந்த மூன்று நாளை மிச்சப்படுத்துவதற்காகத்தான் கம்பைலர் திட்டங்களில் ஆவணங்களைப் பராமரிக்கும் வேலை நடக்கிறது. நானும் சில ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவருகிறேன்.

நாம் எழுதும் நிரலைச் செயலி புரிந்துகொள்ளும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அது ஒரே மூச்சில் மாற்றிவிடுவதில்லை. முதலில் எழுத்துகளைச் சொற்களாகப் பிரிக்கும், சொற்களை இலக்கண மரமாக அடுக்கும். பிறகு எந்தச் செயலிக்கும் தனிப்பட்டதாக இல்லாத ஓர் இடைமொழியில் அவற்றை எழுதிக்கொள்ளும். வேண்டாத கணக்குகளை நீக்குவது, திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் செய்வது போன்ற சிக்கனங்களில் பெரும்பகுதி அந்த இடைமொழியில்தான் நடக்கிறது. கிறிஸ் லாட்னரும் விக்ரம் அத்வேயும் 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எல்எல்விஎம், இந்த நடுப்பகுதியைப் பல மொழிகளுக்குப் பொதுவாக்கியது. சி, சி++ மொழிகளுக்கான கிளாங் கம்பைலரும், ரஸ்ட், ஸ்விஃப்ட் ஆகிய மொழிகளின் கம்பைலர்களும் அதன் மேல் நிற்கின்றன.

அந்த இடைமொழியில் சுட்டி என்று ஒன்று உண்டு. நினைவகத்தில் ஒரு பொருள் இருக்கும் முகவரியைத் தாங்கிக்கொண்டிருக்கும் மதிப்பு அது. முன்பு ஒவ்வொரு சுட்டியும், தான் எந்த வகைப் பொருளைச் சுட்டுகிறது என்பதையும் கூடவே சுமந்துகொண்டிருந்தது: இது 32 பிட் முழு எண்ணின் சுட்டி, அது இன்னொரு கட்டமைப்பின் சுட்டி என்று. ஆனால் நினைவகத்தைப் படிக்கும் கட்டளையும் எழுதும் கட்டளையும் தாங்கள் கையாளும் வகையைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. அதனால் சுட்டி சுமந்த தகவலால் பயன் இல்லாமல் போயிற்று. போதாக்குறைக்கு, ஒரு வகைச் சுட்டியை இன்னொரு வகையாகக் காட்டுவதற்கென்றே ஏராளமான வகைமாற்றக் கட்டளைகளை எழுத வேண்டியிருந்தது. செயலிக்கு அவற்றால் ஒரு வேலையும் இல்லை. சிக்கனம் செய்யும் பகுதிகளோ ஒவ்வொரு முறையும் அவற்றை விலக்கிவிட்டு உள்ளே பார்க்க வேண்டியிருந்தது. ஆகவே சுட்டி என்றால் வெறும் முகவரி, அவ்வளவுதான் என்று முடிவு செய்தார்கள். 2022 செப்டம்பரில் வந்த 15-ஆம் பதிப்பில் அதுவே வழக்கமானது. 2023 செப்டம்பரில் வந்த 17-ஆம் பதிப்பில் பழைய முறை முற்றிலும் நீக்கப்பட்டது. ‘நீ எதைச் சுட்டுகிறாய்?’ என்று சுட்டியிடம் கேட்கும் செயற்கூறும் (ஃபங்ஷன்) அதோடு போயிற்று. மாணவனின் தாள் அந்தச் செயற்கூற்றைத்தான் அழைத்துக்கொண்டிருந்தது.

எல்எல்விஎம் திட்டம் இதைச் சொல்லாமல் செய்யவில்லை. ஏன் மாற்றுகிறோம், எந்தப் பதிப்பில் எது போகும், பழைய நிரலை எப்படித் திருத்துவது என்றெல்லாம் விளக்கத் தனிப் பக்கமே வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் செய்தி மாணவனின் தாளுக்கு எட்டவில்லை. ஆற்றின் தலைப்பில் தண்ணீர் வந்துவிட்டது, கடைமடைக்கு வரவில்லை என்பது போலத்தான். மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறந்தது என்று செய்தி வரும். அந்தத் தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வெண்ணாற்றில் வந்தது நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் இன்னொரு முறை பிரிந்து, பாமணியாறு வழியாகவோ கோரையாறு வழியாகவோ இந்த மாணவனின் ஊர் வாய்க்காலுக்கு வர எத்தனை நாளாகும் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு வாய்க்கால் தூர்ந்திருந்தால் வராமலேகூடப் போகலாம். ஆவணம் எழுதும்போது என் மனதில் இருப்பது கடைமடையில் காத்திருக்கும் அந்த வாசகன்தான்.

நிரல் கெட்டால் சத்தம் போடும், ஆவணம் கெட்டால் மௌனமாக இருக்கும். சிக்கல் அதுதான். ஒரு செயற்கூற்றை நீக்கினால் அதை அழைக்கும் இடங்களெல்லாம் உடனே பிழை காட்டும். நீக்கியவர் அத்தனையையும் சரிசெய்யாமல் அந்த மாற்றத்தைச் சேர்க்கவே முடியாது. அதே செயற்கூற்றை விளக்கும் ஒரு பத்தி இருந்தால், அதை யாரும் தொட மாட்டார்கள், எந்த எச்சரிக்கையும் எழாது. நேற்றுவரை உண்மையாக இருந்த பத்தி, ஓர் எழுத்துகூட மாறாமல் இன்று பொய்யாகிவிடும். கம்பைலர்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பெரும்பதிப்பு என்ற வேகத்தில் எல்எல்விஎம் வருகிறது. உள்ளமைப்பு இப்படியே இருக்கும் என்று யாருக்கும் அது வாக்குக் கொடுக்கவில்லை.

ஆகவே பத்திக்கும் குரல் கொடுக்க வேண்டும். அதற்கு நான் பார்த்ததில் மிக அழகான வழி ரஸ்ட் மொழியில் இருக்கிறது. அங்கே ஒரு செயற்கூற்றின் விளக்கத்தை அதன் தலைமேலேயே, அதே கோப்பில் எழுதுகிறார்கள். விளக்கத்துக்குள் எடுத்துக்காட்டு நிரல் இருந்தால், ரஸ்ட்டாக் என்ற கருவி அதை உருவியெடுக்கிறது. தொடக்கச் செயற்கூறு இல்லையென்றால் தானே சுற்றிக் கட்டுகிறது. பிறகு அதை உண்மையான நிரலாகவே தொகுத்து, அதாவது கம்பைல் செய்து, ஓட்டிப் பார்க்கிறது. ஓடாவிட்டால் சோதனை தோல்வி. வாசகருக்குத் தேவையில்லாத ஆயத்த வரிகளின் முன்னால் ஓர் எண்குறி போட்டால், படிப்பவர் கண்ணுக்கு அவை தெரியாது, சோதனையில் மட்டும் இருக்கும். படிப்பவர் பார்ப்பது மூன்று வரியாக இருக்கலாம், பின்னால் ஓடுவது முழு நிரல்.

இதைவிட எனக்குப் பிடித்தது பிழை விளக்கங்கள். ரஸ்ட் கம்பைலரின் பிழைகளில் பலவற்றுக்கு எண் உண்டு. ஒரு மதிப்பை வேறொரு பெயருக்கு ஒப்படைத்துவிட்டு, பழைய பெயரால் மறுபடி அதைப் பயன்படுத்தினால் வருவது இ0382. அந்த எண்ணைக் கொடுத்துக் கேட்டால் கம்பைலரே ஒரு விளக்கத்தைக் காட்டும். அதில் முதலில் ஒரு தவறான நிரல், அடுத்து திருத்திய நிரல். தவறான நிரலின் தலைப்பில், ‘இது தொகுபடக் கூடாது, தோற்கும்போது வரவேண்டிய பிழை இ0382’ என்று ஒரு குறிப்பு இருக்கும். சோதனை அதைச் சரிபார்க்கிறது. அதாவது, அந்த நிரல் தோற்றால்தான் ஆவணம் தேறும். வேறு எண்ணில் தோற்றாலும் போதாது. நாளைக்குக் கம்பைலர் இன்னும் கூர்மையாகி அந்த நிரலை ஏற்றுக்கொண்டுவிட்டால், விளக்கம் பழசாகிவிட்டது என்று அன்றே தெரிந்துவிடும். அப்படி நடப்பது அபூர்வமும் அல்ல. 2018 டிசம்பரில் வந்த ரஸ்ட் 1.31, ஒரு மதிப்பை ஒப்படைக்காமல் தற்காலிகமாக மட்டும் பயன்படுத்தக் கொடுக்கும் கடன்வாங்கல் விதிகளைச் சரிபார்க்கும் முறையையே மாற்றி, அதுவரை மறுத்துவந்த பல சரியான நிரல்களை ஏற்கத் தொடங்கியது. ‘இது தவறு’ என்று காட்டும் எடுத்துக்காட்டுகள் ஒரே பதிப்பில் சரியாகிவிடக்கூடிய இடம் அது.

இன்னொரு வழி, ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதாமல் இருப்பது. கிளாங்கில், நிரலின் ஒரு பகுதியைப் பற்றிக் கம்பைலருக்குக் கூடுதல் தகவல் சொல்ல நிரலாளர் பயன்படுத்தும் பண்புக்குறிகளையெல்லாம் தனி விவரக் கோப்பில் அறிவிக்கிறார்கள். கம்பைலருக்கு வேண்டிய நிரலும் பயனருக்கான குறிப்பேட்டுப் பக்கமும் அந்த அறிவிப்பிலிருந்தே உருவாகின்றன. புதிய பண்புக்குறி சேர்ப்பவர் ‘ஆவணம்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு நழுவ முடியாது. உடைந்த இணைப்புகளைப் பிடிப்பது எளிய வேலை, அதைக் கருவிகள் பார்த்துக்கொள்கின்றன.

இயந்திரத்தால் சரிபார்க்க முடியாத வாக்கியங்கள் மிச்சமிருக்கின்றன. ‘தற்போது இந்தப் பகுதி இரண்டு விதமாகச் செய்யப்படுகிறது’, ‘பழைய முறையை இன்னும் சிலர் பயன்படுத்துகிறார்கள்’ போன்றவை. ‘தற்போது’ என்ற சொல்லைக் கண்டாலே எனக்குப் பயம். எந்தத் தற்போது? ரஸ்ட் கம்பைலரின் உள்கட்டமைப்பை விளக்கும் வழிகாட்டி நூலில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. காலத்தோடு மாறக்கூடிய கூற்றுக்குப் பக்கத்தில், வாசகர் கண்ணுக்குத் தெரியாத குறிப்பாக மாதத்தையும் ஆண்டையும் பதிக்கிறார்கள். மாதந்தோறும் ஒரு கருவி அவற்றைத் தேடி, ஆறு மாதத்துக்கு மேல் பழையதான குறிப்புகளைப் பட்டியலிட்டுப் பணியாகத் திறந்துவிடும். யாராவது ஒருவர் மூலநிரலைத் திறந்து பார்த்து, கூற்று இன்னும் சரிதான் என்றால் தேதியை மட்டும் புதுப்பிப்பார். இல்லையென்றால் பத்தியைத் திருத்துவார்.

எந்தக் கருவியும் தொட முடியாதது ‘ஏன்’ என்ற கேள்வி. இதை நான் கற்றுக்கொண்டது என் தவறிலிருந்து. நான் பங்களிக்கும் ஒரு சிறிய கம்பைலரில் இரண்டு சிக்கனப் படிகள் உண்டு. முதல் படி, முன்கூட்டியே கணக்கிடக்கூடியதைக் கணக்கிட்டு மாறிலியாக்கும். இரண்டாம் படி, ஒருபோதும் ஓடாத நிரலை வெட்டியெறியும். ‘முதலில் இது, பிறகு அது’ என்று மட்டும் எழுதிவைத்தேன். இரண்டு ஆண்டுக்குப் பிறகு புதிதாக வந்த ஒருவர், மொத்தப் படிகளையும் ஒழுங்குபடுத்தும்போது இந்த இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். சோதனைகள் எல்லாம் தேறின, ஏனென்றால் விடை மாறவில்லை. ஆனால் நிபந்தனை ஒன்று எப்போதும் பொய்தான் என்பது கணக்கிட்ட பிறகுதானே தெரியும்? வெட்டும் படி முன்னால் போய்விட்டதால், அதற்கு வெட்டவேண்டியது கண்ணில் படவில்லை. வெளியாகும் நிரல்கள் பருத்துப்போயின. யாரோ ஒருவர் கோப்பின் அளவைப் பார்த்துக் கேட்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. மாற்றியவர் மேல் குற்றமில்லை. வரிசையைச் சொன்ன நான் அதன் காரணத்தைச் சொல்லவில்லை, அதனால் அவர் அதைத் தற்செயலான வரிசை என்று எடுத்துக்கொண்டார். இப்போது அந்த இடத்தில் காரணம் நான்கு வரியில் இருக்கிறது. வரிசை மாறினால் தோற்கும் ஒரு சோதனையும் சேர்த்திருக்கிறேன்.

மாணவனோடு உட்கார்ந்து அவன் நிரலைத் திருத்தினோம். வகையைச் சுட்டியிடம் கேட்பதை விட்டுவிட்டு, நினைவகத்தைப் படிக்கும் கட்டளையிடமே கேட்கும்படி மாற்ற வேண்டியிருந்தது. மூன்று இடங்கள்தான். காபி ஆறுவதற்குள் முடிந்தது. உடனே அடுத்த பிழை வந்தது. படிகளை வரிசையாக இயக்கும் நிர்வாகப் பகுதியையும் எல்எல்விஎம் மாற்றிவிட்டது, 2021-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து புதியதுதான் வழக்கம். தாளின் நான்காம் பக்கம் பழைய நிர்வாகியிடம் பெயர் பதிவு செய்யச் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த முறை அவன் முகம் வாடவில்லை. “இது எந்தப் பதிப்பில் மாறியது அக்கா?” என்றுதான் கேட்டான்.

அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு அத்தியாயத்திலும், எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதினேன் என்பதை முகப்பில் மட்டும் போடாமல் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் வரும்படி செய்திருக்கிறேன். அச்சிட்டாலும் நகலெடுத்தாலும், ஒரே ஒரு தாள் தனியாகப் பிரிந்துபோனாலும், அந்த எண் கூடவே போகும். அவன் அன்று கிளம்பும் முன் என் பேனாவை வாங்கி, ஆறு தாள்களின் தலைப்பிலும் ‘12-ஆம் பதிப்பு வரை மட்டும்’ என்று எழுதினான். அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அந்தத் தாள்களைத்தான் கொடுக்கப்போவதாகச் சொன்னான்.