கொடுத்த புள்ளியை ஒய் அச்சில் கொண்டுபோய் வைக்காதீர்கள்

சாய்வு 3, புள்ளி (2, 5). கோட்டின் சமன்பாடு கேட்டால், "ஒய் = 3எக்ஸ் + 5". பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டு எதைப் பிரித்தாலும் இது இருக்கிறது. பிளஸ் ஒன் தாளிலும் இதையே பார்க்கும்போது பொறுக்கவில்லை.

எக்ஸ் இருக்கும் இடத்தில் 2 போடுங்கள். 11 வருகிறது. கொடுத்த புள்ளி வழியாகவே போகாத கோடு இது!

ஒய் = எம்எக்ஸ் + சி என்ற சூத்திரத்தில் 'எம்' என்பது சாய்வு, 'சி' என்பது ஒய் வெட்டுத்துண்டு. எக்ஸ் பூச்சியமாகும்போது ஒய் எவ்வளவோ, அதுதான் சி. கணக்கில் கண்ணில் படுகிற ஒய் எல்லாம் சி ஆகாது.

2013இல் சென்னை ஆட்டோவுக்கு அரசு வைத்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.க்கு 12 ரூபாய். சாய்வு 12, புள்ளி (1.8, 25). 5 கி.மீ. போனால் 12 × 5 + 25 = 85 என்பீர்களா? முதல் 1.8 கி.மீ.க்கு இரண்டு முறை காசு கொடுக்கிறீர்கள். சரியான சமன்பாடு: கட்டணம் − 25 = 12(தூரம் − 1.8). 5 கி.மீ.க்கு 63.40 ரூபாய். கூடுதலாகப் போன 21.60, அந்த 1.8 கி.மீ.யின் 12 மடங்குதான். சுருக்கினால் கட்டணம் = 12 × தூரம் + 3.40. சி இங்கே 3.40, 25 அல்ல. (1.8 கி.மீ.க்குள் இந்தக் கோடு செல்லாது.)

முதல் கணக்கும் அப்படித்தான். ஒய் − 5 = 3(எக்ஸ் − 2), ஆகவே ஒய் = 3எக்ஸ் − 1.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதல் எடுத்துக்காட்டாக (0, 5) மாதிரிப் புள்ளியைத் தராதீர்கள். தப்பான வழியிலும் அங்கே சரியான விடை வந்து, பிழை வேர்விடுகிறது.

அடுத்தது குறி. புள்ளி (−3, 4), சாய்வு −2/3 என்றால் அடைப்புக்குள் எக்ஸ் + 3. 3ஆல் பெருக்கும்போது 4ஐயும் பெருக்குங்கள்: 3ஒய் − 12 = −2எக்ஸ் − 6. விடை 2எக்ஸ் + 3ஒய் − 6 = 0. இடப்பக்கம் 3ஒய் − 4 என்று விட்டுவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

அதே புள்ளி (−3, 4) வழியாகப் போகும் கோடு ஒய் அச்சுக்கு இணை என்றால் சாய்வே வரையறுக்கப்படவில்லை; சூத்திரத்தைத் தொடாமல் எக்ஸ் = −3 என்று எழுதுங்கள். சாய்வு 0 என்றால் ஒய் = 4. இரண்டையும் மாற்றி எழுதாதீர்கள்.

எழுதி முடித்ததும் கொடுத்த புள்ளியைச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், தயவுசெய்து. பத்து விநாடி வேலை. −6 + 12 − 6 = 0 வந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.