குரூப் பாலிசி: கொள்கையா, விதியா?

“பாலிசி போட்டாச்சு, இன்னும் இறங்கலை” என்பது சிஸ்டம் அட்மின்களின் அன்றாடப் பேச்சு. ஒரு நிறுவனத்தின் விண்டோஸ் கணினிகள் எப்படி இயங்க வேண்டும் என்று நிர்வாகி ஓரிடத்திலிருந்தே கட்டளையிடும் வசதிதான் அந்த ‘குரூப் பாலிசி’. அதைத் தமிழில் ‘குழுக் கொள்கை’ என்று எழுதுகிறோம். சொல்லுக்குச் சொல் சரிதான், பொருள்தான் கொஞ்சம் இடறுகிறது.

பாலிசியின் வேர், நகர அரசைக் குறித்த ‘போலிஸ்’ என்ற கிரேக்கச் சொல். லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. போலீஸும் பாலிடிக்ஸும் இதற்கு உடன்பிறப்புகள். (காப்பீட்டு பாலிசி மட்டும் வேறு குடும்பம். ‘சான்று’ என்று பொருள்படும் இன்னொரு கிரேக்கச் சொல்லில் தொடங்கி, இத்தாலி வழியாக வந்து, எழுத்தில் ஒன்றாகிவிட்டது.)

நம் ‘கொள்கை’ கொள் என்ற வினையில் பிறந்தது. வருகை, செய்கை போல. ஒருவர் தாமே மனத்தில் கொள்வதுதான் கொள்கை. விண்டோஸில் நடப்பது அதுவா? நிர்வாகி ஓரிடத்தில் எழுதுகிறார், நூற்றுக்கணக்கான கணினிகள் கீழ்ப்படிகின்றன. உட்கார்ந்திருப்பவர் விரும்பினாலும் மாற்ற முடியாது. இதற்கு ‘விதி’யே பொருத்தம் என்பேன். வடசொல் என்று தயங்குபவர்கள் ‘நெறி’ எனலாம்; ஆனால் நெறி வழிகாட்டும், கட்டாயப்படுத்தாது.

‘குழு’வும் குழப்பும். விண்டோஸ் 2000-இல் ஆக்டிவ் டைரக்டரியோடு (நிறுவனத்தின் பயனர்கள், கணினிகளின் பதிவேடு) வந்த இந்த வசதியைப் பயனர் குழுவில் நேரடியாக இணைக்க முடியாது. அந்தப் பதிவேட்டின் பகுப்புகளான தளம், டொமைன், நிறுவனப் பிரிவு இவற்றில்தான் இணைக்க வேண்டும். அதனால் ‘விதித்தொகுப்பு’ என்பது என் தேர்வு.

‘செஷன்’ மட்டும் அழகாக அமைந்துவிட்டது. லத்தீனில் அதன் வேருக்கு ‘உட்கார்தல்’ என்று பொருள். நம் ‘அமர்வு’க்கும் அதேதான். தொலைவில் உள்ள கணினியை நம் திரையில் திறந்து வேலை செய்ய உதவும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான விதிகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சொல்லே போதும். மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்தி ஜன்னலை மூடினால் அமர்வு முடிவதில்லை. ஆள் எழுந்து போயிருப்பார், இருக்கை காலியாகாது; திறந்த கோப்புகளும் ஓடும் நிரல்களும் சர்வரில் அப்படியே கிடக்கும். துண்டிக்கப்பட்ட அமர்வுகளுக்குக் காலவரம்பு வைக்கும் விதி அந்த இருக்கையைக் காலி செய்கிறது. சேமிக்காத வேலையும் சேர்ந்து போய்விடும் என்பதால் வரம்பை ரொம்பக் குறைக்காதீர்கள். என்எல்ஏ எனப்படும் வலைநிலை அடையாளச் சரிபார்ப்பு இதற்கு முந்தைய கட்டம்: உட்காரவிடும் முன்பே வாசலில் கடவுச்சொல்லைக் கேட்பது.

அப்புறம், ஒரு மொழிப் பொறி. ரிமோட் டெஸ்க்டாப்பில் கிளிப்போர்டு (நகலெடுத்து ஒட்டும் வசதி) வழியாகத் தகவல் வெளியே போகாமல் தடுக்கும் விதியின் பெயரே ‘அனுமதிக்காதே’ என்றுதான் தொடங்கும். தடுக்க வேண்டுமானால் அதை ‘எனேபிள்டு’ ஆக்க வேண்டும். ‘டிஸேபிள்டு’ என்று வைத்தால் அனுமதி என்று பொருள். ‘கிளிப்போர்டு தடை: இயங்கட்டும்’ என்று தமிழில் எழுதிவைத்தால் யாரும் தடுமாற மாட்டார்கள்.

சரி, போட்ட விதி ஏன் இறங்கவில்லை? சாதாரணக் கணினிகள் 90 நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதிய விதிகளைக் கேட்டு வாங்குகின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் சர்வரை மொய்க்காமலிருக்க, அதோடு 30 நிமிடம் வரை முன்கூட்டிச் சொல்ல முடியாத கூடுதல் தாமதமும் உண்டு. காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் விதிகளை உடனே வாங்கவைக்கும் ‘ஜிபிஅப்டேட்’ (gpupdate) கட்டளையை அந்தக் கணினியிலேயே ஓட்டிவிடுகிறார்கள்.